ஃபிலிமே இல்லாமல் நடந்த சினிமா வகுப்பு

[திரையில்: கறுப்புத் திரைச்சீலை ஒன்று விலகுகிறது, உடனே மூடுகிறது.]

மாஸ்கோ, 1920களின் தொடக்கம். ஒரு சினிமா வகுப்பு நடக்கிறது. மாணவர்கள் வந்துவிட்டார்கள், ஆசிரியரும் வந்துவிட்டார். ஃபிலிம் மட்டும் வரவில்லை. நாளை வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. அவர்கள் வகுப்பை ஒத்திவைக்கவில்லை. ஃபிலிம் இல்லாமலேயே படம் எடுத்தார்கள்!

வணக்கம். புதிதாகப் படம் எடுக்க வருபவர்கள் குழுவாகக் கூடி, செய்து செய்து பழகும் பயிற்சிப் பட்டறைகளைப் பற்றிய வீடியோ இது. பட்டறை என்றதும் கொட்டாவி வந்தால் கொஞ்சம் பொறுங்கள். இடையில் பத்து லட்சம் டாலர் மோசடி ஒன்று வருகிறது.

முதலில் வரலாறு, ஒரே மூச்சில்: உலகின் மிகப் பழைய சினிமாப் பள்ளி என்று பெயர் பெற்றது 1919இல் மாஸ்கோவில் தொடங்கியது, மற்ற நாடுகள் பின்னால் வந்தன. வரலாறு முடிந்தது.

இப்போது மோசடி. புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் உள்நாட்டுப் போர். வெளிநாட்டு ஃபிலிம் உள்ளே வர வழியில்லை. 1918இல் புதிய அரசு ஜாக் சிப்ராரியோ என்பவரை நம்பியது. அமெரிக்காவில் சினிமாச் சாதனங்களும் ஃபிலிமும் வாங்கி அனுப்புவதற்காக நியூயார்க் வங்கி ஒன்றில் பத்து லட்சம் டாலர் அளவுக்குப் பணம் போடப்பட்டது. பணம் கரைந்தது; பொருள் வந்தபாடில்லை. ரஷ்யர்கள் நியூயார்க்கிலேயே வழக்குத் தொடர்ந்தார்கள். 1923இல் அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அமெரிக்கா உங்களை ஓர் அரசாக அங்கீகரிக்கவே இல்லை, எனவே நீங்கள் இங்கே வழக்குப் போட முடியாது என்றது. வீட்டில் திருட்டுப் போனது என்று புகார் கொடுக்கப் போனவனிடம், முதலில் நீ உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் கொண்டு வா என்றது போல! இந்த வழக்கைப் பற்றியே தனியாக ஒரு வீடியோ போடலாம். வேண்டும் என்றால் கீழே எழுதுங்கள்.

சரி, வகுப்புக்குத் திரும்புவோம். ஆசிரியர் பெயர் லெவ் குலெஷோவ். பிறந்தது 1899இல். அதாவது 1920இல் ஆசிரியருக்கு வயது 21தான். அவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழிக்கு 'ஃபிலிம் இல்லாத படங்கள்' என்று பெயர். ஒரு சிறு கதையை எடுத்துக்கொண்டு, அதை நாடகமாக நடத்தாமல், தொகுத்து முடித்த படம் எப்படி இருக்குமோ அப்படியே துண்டு துண்டாக நடித்துக் காட்டுவார்கள். இங்கே முழு உருவம், அடுத்த நொடி கை மட்டும், அதற்கடுத்து முகம் மட்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. இன்று கையில் இருக்கும் கைப்பேசி ஒரு காட்சியை நாற்பது கோணத்தில் எடுக்க அனுமதிக்கிறது. எடுத்துக் குவித்துவிட்டு, 'எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவிடுகிறோம். சினிமாவில் இதைவிட விலை உயர்ந்த வாக்கியம் கிடையாது என்பது என் கருத்து. குலெஷோவின் மாணவர்களுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லும் வசதி இல்லை. எந்த ஷாட்டுக்குப் பின் எந்த ஷாட், ஒவ்வொன்றும் எத்தனை நேரம், பார்ப்பவர் கண்ணில் எது படவேண்டும், எது படக்கூடாது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். அதையும் தனியாக முடிவு செய்ய முடியாது. ஒருவர் பிசகினால் அடுத்தவரின் ஷாட் கெட்டுவிடும்.

கொஞ்சம் ஃபிலிம் கிடைத்தபோதும் இந்தக் குழு சும்மா இருக்கவில்லை. உணர்ச்சியற்ற ஒரு நடிகரின் முகத்தைச் சூப் கிண்ணத்துக்கும் சவப்பெட்டிக்கும் பக்கத்தில் ஒட்டி, அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் பார்க்க வைத்த சோதனையைப் பற்றி எல்லாச் சேனல்களும் சொல்லிவிட்டன, விட்டுவிடுகிறேன். அதைவிடக் குறும்பான ஒன்று உண்டு. மாஸ்கோவின் வெவ்வேறு தெருக்களில் நடந்துவரும் ஓர் ஆணும் பெண்ணும் சந்திக்கிறார்கள். எதையோ பார்க்கிறார்கள். அடுத்த ஷாட்டில் அமெரிக்காவின் வெள்ளை மாளிகை! அது ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டிய துண்டு. பிறகு இருவரும் படியேறுகிறார்கள். அந்தப் படிகளோ மாஸ்கோவில் இருந்த ஒரு தேவாலயத்துடையவை. பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே ஊர். பயணச் செலவு பூஜ்யம்.

1924இல் இதே குழு முழுநீள நகைச்சுவைப் படம் ஒன்றை எடுத்தது. பின்னாளில் பெரிய இயக்குநர்களான புதோவ்கினும் பார்னெட்டும் அதில் நடித்தார்கள். பார்னெட் அதற்கு முன் குத்துச்சண்டை வீரர். பட்டறைக்கு யாரைச் சேர்ப்பது என்று தகுதிப் பட்டியல் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

[திரையில்: உலக வரைபடம். மொசாம்பிக்.]

அடுத்து 1978. மொசாம்பிக் விடுதலை பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நாட்டில் நடக்கும் மாற்றங்களைப் படமாக்க வாருங்கள் என்று புகழ்பெற்ற இயக்குநர்களை அந்த நாடு அழைத்தது. அழைக்கப்பட்ட பிரெஞ்சுக்காரர் ழான் ரூஷ், அதைவிட இங்கிருப்பவர்களுக்கே கற்றுக்கொடுத்தால் அவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுப்பார்களே என்றார். சிறிய சூப்பர் 8 கேமராக்களோடு வேலை தொடங்கியது. அந்த அனுபவத்திலிருந்து 1981இல் பாரிஸில் வாரான் பட்டறை பிறந்தது. பாடம் குறைவு, படம் எடுப்பது அதிகம். எடுத்ததை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது அதைவிட அதிகம்.

அந்தக் கடைசி வரிதான் முழு வீடியோவின் சாரம். அன்றன்று எடுத்த காட்சிகளை, வெட்டாமல், மெருகேற்றாமல், பிறர் முன்னால் போட்டுக் காட்டுவதற்கு ரஷ் பார்ப்பது என்று பெயர். இதைத் தனியாகச் செய்ய முடியாது. உங்கள் காட்சி ஓடும்போது முன்வரிசையில் இருப்பவர் எந்த நொடியில் நாற்காலியில் நெளிகிறார் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. கேமராவை வாடகைக்கு வாங்கலாம், நெளிபவரை எங்கே வாங்குவது?

ஆனால் நெளிபவர் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. அமெரிக்காவில் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் தொடங்கிய சண்டான்ஸ் நிறுவனம் 1981இலிருந்து இப்படிப்பட்ட பட்டறைகளை நடத்துகிறது. அங்கே எடுக்கும் காட்சிகள் வெறும் பயிற்சிதான், திரையரங்குக்குப் போவதில்லை. 1991இல், பின்னாளில் பெரிய இயக்குநரான குவென்டின் டாரன்டினோ தன் முதல் படத்தின் காட்சிகளோடு அங்கே போனார். வழிகாட்ட வந்த முதல் குழுவுக்கு அவர் எடுத்த விதம் பிடிக்கவே இல்லை. அடுத்து வந்த குழுவில் இயக்குநர் டெர்ரி கில்லியம் இருந்தார். அவர்களுக்கு அதே வேலை மிகவும் பிடித்துவிட்டது. ஒரு குழு மட்டும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி நடைமுறை. கூட்டுப் பட்டறையில் ஐந்தாறு பேர் கொண்ட குழு இருக்கும். வேலைகள் சுழலும். இன்று இயக்குநர், நாளை பூம் மைக், அதாவது நீண்ட கம்பின் நுனியில் கட்டிய மைக், பிடிப்பவர். எல்லோரும் இயக்குநர் ஆகத்தான் வருகிறார்கள், பூம் பிடிக்க யாரும் விண்ணப்பம் போடுவதில்லை! ஆனால் கையைத் தூக்கியபடி எட்டாவது டேக் வரை நின்றவருக்கு, தான் இயக்கும் நாளில் 'இன்னொரு டேக்' என்று சொல்வதற்கு முன் யோசிக்கத் தோன்றும். படத்தொகுப்பு மேசையில் ஒரு நாள் உட்கார்ந்தவர், அடுத்த முறை ஷாட்டின் தலையிலும் வாலிலும் சில நொடி கூடுதலாக ஓடவிடுவார். கிளாப் அடித்தவர், காட்சி எண்ணைத் தெளிவாகச் சொல்வார். மற்ற வேலைகளும் இப்படித்தான்.

கூட்டு என்பதைச் சிலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஓட்டெடுப்பு நடத்தினால், யாருக்கும் கோபம் வராத, யாருக்கும் நினைவில் நிற்காத படம் ஒன்று வரும். கருத்துச் சொல்லும் உரிமை ஆறு பேருக்கும், முடிவெடுக்கும் உரிமை அன்றைய இயக்குநருக்கும் இருக்க வேண்டும். படம் யாருக்குச் சொந்தம், விழாக்களுக்கு யார் அனுப்புவது, பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

பட்டறையில் சேர நினைப்பவர்கள், விளம்பரத்தில் இருக்கும் பிரபலத்தின் முகத்தையும் சான்றிதழின் தங்க நிற ஓரத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, பணம் கட்டும் முன் நடத்துபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பிறர் படத்தில் நான் என்னென்ன வேலை செய்வேன்? நாங்கள் எடுத்ததை எல்லோரும் சேர்ந்து பார்ப்பதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? முடிவடையாத படத்தோடு யாராவது வீட்டுக்குப் போனார்களா? மூன்றாவதற்கு 'அப்படி ஒருவரும் இல்லை' என்று உடனே பதில் வந்தால், பழைய மாணவர் இருவரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த வீடியோவில் பூம் பிடிப்பது எப்படி என்று பார்ப்போம். பார்வை குறைவாகத்தான் வரும் என்று தெரியும், இருந்தாலும் போடுகிறேன்.