கல்ச்சர் ரிப்போர்ட்டில் சிறிய எண் இருந்தால் அதுதான் நல்ல மருந்தா?

[திரையில்: ஒரு சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட். கிருமி ஈ.கோலை. சிப்ரோஃப்ளாக்சசின் 0.5, மெரோபெனம் 1]

கிருமியை லேபில் வளர்த்து, எந்த ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்கும் என்று பார்ப்பதுதான் கல்ச்சர். இந்த ரிப்போர்ட்டில் சிப்ரோவின் எண் சிறியது; அதனால் அதுதான் நன்றாகக் கேட்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது.

இந்த எண்ணுக்கு எம்.ஐ.சி. என்று பெயர். கிருமி வளராமல் தடுக்க மில்லிலிட்டருக்குக் குறைந்தது எத்தனை மைக்ரோகிராம் மருந்து வேண்டும் என்ற கணக்கு. மருந்துக்கு மருந்து எல்லை வேறு. லேப்களுக்கு இந்த எல்லைகளை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. என்ற அமைப்பின் அளவுகோலில் ஈ.கோலைக்கு சிப்ரோ 0.25 வரை இருந்தால்தான் ‘எஸ்’, அதாவது மருந்து கேட்கும். 0.5 என்றால் ‘ஐ’, அதாவது இடைநிலை; 1 தொட்டால் ‘ஆர்’, அதாவது கேட்காது. மெரோபெனமோ 1 வரை ‘எஸ்’. எண்ணை அதன் எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து மருந்தின் எண்ணோடு அல்ல.

அதற்காக நேராக மெரோபெனத்துக்குத் தாவக் கூடாது. தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்கிறது, நைட்ரோஃபியூரன்டாயின் ‘எஸ்’ என்றால், பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் குளிர்காய்ச்சலும் விலாவுக்குக் கீழே வலியும் இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அப்போது அந்த ‘எஸ்’ பயன்படாது. இந்த மருந்து சிறுநீரில் சேரும், சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது.

[திரையில்: கிருமி வளர்க்கும் அகார் கூழ் உள்ள தட்டு, அதில் இரண்டு டிஸ்க், அதாவது மருந்து தோய்ந்த சிறு காகித வட்டுகள்]

ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியில் இன்னொரு பொறி உண்டு. எரித்ரோமைசின் ‘ஆர்’, கிளிண்டாமைசின் ‘எஸ்’ என்று ரிப்போர்ட் வரும். நம்பிக் கொடுத்தால் சிகிச்சை நடுவில் தோற்கலாம், ஏனென்றால் எதிர்ப்பு மரபணு உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். எரித்ரோமைசின் அதைத் தட்டி எழுப்பும். இதைப் பிடிக்க 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் டிஸ்க்கையும் 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் டிஸ்க்கையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். மறுநாள் கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தைப் பாருங்கள். எரித்ரோமைசின் பக்கம் மட்டும் அது தட்டையாகி, ஆங்கில ‘டி’ எழுத்துபோல் தெரிந்தால், கிளிண்டாமைசினை ‘ஆர்’ என்றே எழுத வேண்டும். இதுதான் டி-டெஸ்ட்.

தட்டு தயாரிப்பதில் பிசகினாலும் முடிவு மாறும். தட்டில் ஊற்றும் முல்லர்-ஹின்டன் அகார் 4 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். தடித்தால் வட்டம் சுருங்கும், கேட்கும் மருந்தும் ‘ஆர்’ ஆகிவிடும். கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவைவிட நீர்த்துப்போனால் வட்டம் விரியும். கேட்காத மருந்து ‘எஸ்’ ஆகிவிடும். இரண்டில் இதுதான் ஆபத்து. நோயாளிக்கு வேலை செய்யாத மருந்து ஏறும், யாருக்கும் சந்தேகமே வராது.

எரித்ரோமைசின் ‘ஆர்’, கிளிண்டாமைசின் ‘எஸ்’ என்று வந்து, டி-டெஸ்ட் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், முதல் டோஸுக்கு முன்பே லேபைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.