‘மாதிரிக்கு மூன்று லோகோ அனுப்புங்கள்’

வணக்கம் நண்பர்களே. கேமராவை ஆன் செய்வதற்குச் சற்று முன்புதான் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பினேன். ‘மாதிரிக்கு மூன்று லோகோ அனுப்புங்கள், பிடித்திருந்தால் பணம் தருகிறோம்’ என்று கேட்டிருந்தார்கள். முடியாது என்று எழுதிவிட்டேன். ஏன் என்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் யார் கேட்டாலும் செய்து கொடுத்தேன். ஒரு நிறுவனத்துக்காக இரண்டு வாரம் கண்விழித்து நான்கு லோகோ வரைந்தேன். நான்கிலும் மெல்லிய கோடுகள். எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன. ஒரே வரியில் பதில் வந்தது: ‘இதைச் சட்டையில் தைக்க வேண்டும், இந்தக் கோடுகள் நூலில் வராது.’ அவ்வளவுதான். சட்டையில் தைப்பார்கள் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் அவர்கள் இன்னும் என் வாடிக்கையாளராகவே ஆகவில்லை.

லோகோ போட்டிகளிலும் இதேதான் நடக்கிறது. 2008-இல் மெல்போர்னில் தொடங்கிய 99டிசைன்ஸ் என்ற இணையதளம் இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியது. ஒருவர் பரிசுத் தொகையை அறிவிப்பார், பலர் வரைந்து அனுப்புவார்கள், பெரும்பாலும் ஒருவருக்குத்தான் பணம். ஐம்பது பேர் ஆளுக்கு எட்டு மணி நேரம் உழைத்தால் மொத்தம் நானூறு மணி நேரம். கூலி கிடைப்பது எட்டு மணி நேரத்துக்கு. வேறு எந்தத் தொழிலில் இதை நியாயம் என்று ஒப்புக்கொள்வோம்?

டோக்கியோ 2020 ஒலிம்பிக்கின் முதல் சின்னம், நகல் என்ற சர்ச்சையால் 2015-இல் கைவிடப்பட்டது. அடுத்து நடந்த பொதுப் போட்டிக்கு 14,599 வடிவங்கள் வந்தன. தேர்வானது அசாவோ தொகோலோ வரைந்த நீலக் கட்டச் சின்னம். அருமையான வேலை அது. அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்கு வலிப்பது அந்த மீதிக் குவியல். அமெரிக்க வடிவமைப்பாளர் சங்கமான ஏஐஜிஏ அந்தப் போட்டி முறையை வெளிப்படையாகவே எதிர்த்தது.

வரைவது என் வேலையின் கடைசிப் பகுதி. யார் வாங்குகிறார்கள், எங்கே அச்சிடுவீர்கள், நகத்தளவு சிறியதானாலும் அடையாளம் தெரிய வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுத்தான் வடிவம் பிறக்கிறது. போட்டியில் அந்தப் பேச்சுக்கு இடமே குறைவு. அதனால் வாடிக்கையாளர் எந்த வரைபடத்துக்கு அதிக நட்சத்திரம் கொடுத்தாரோ, அதன் சாயலிலேயே மற்றவர்களும் வரையத் தொடங்கிவிடுகிறார்கள்.

அனுபவத்துக்காகத்தானே என்று சில தம்பி, தங்கைகள் கேட்பீர்கள். அனுபவம் வேண்டுமென்றால் கற்பனையாக ஒரு நிறுவனத்தை வைத்துக்கொண்டு வரையுங்கள். உரிமையாவது உங்களிடம் இருக்கும். நீங்கள் நேசிக்கும் ஒரு தொண்டு அமைப்புக்கு இலவசமாகச் செய்யுங்கள். அவர்கள் உங்களோடு உட்கார்ந்து பேசுவார்கள்.

இன்று நான் எழுதிய பதில் இதுதான்: ‘என் பழைய வேலைகளை இணைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கட்டணமின்றிப் பேசலாம். பாதி முன்பணம் வந்ததும் வரையத் தொடங்குகிறேன்.’

இதுவரை பதில் இல்லை. வராமலும் போகலாம். முன்பணம் கொடுத்த ஒருவருடைய வேலை மேசையில் காத்திருக்கிறது, அதை முடிக்கப் போகிறேன்.