கொங்கு நாட்டுக் குளத்தங்கரையில் அலையாத்திக் காட்டுப் பாடம்

எல்லாருக்கும் வணக்கம். கோவையிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவது வெள்ளலூர் குளம். காற்று பலமாக வீசுகிறது, பேச்சு நடுவில் விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளத்தங்கரையில் நிற்கிறேனே தவிர, பேச வந்தது பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றி. கடலே இல்லாத ஊர்க்காரனுக்கு, கடலோர உப்புச் சேற்றில் வளரும் அந்தக் காட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் எல்லாம் தாண்டி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் சேர்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிட முகத்துவாரத்துக்கும் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் இடையில்தான் பிச்சாவரம். ஆக, அந்தக் காட்டுக்கு நாம் மேட்டு வீட்டுக்காரர்கள்.

நகரத்துக் கடலோரத்தை மீட்கிறோம் என்று எங்கே கூட்டம் கூடினாலும் முதலில் கன்று நடுகிறார்கள். கன்றோடு ஒரு படம், அதற்கு நூறு பாராட்டு. இலங்கையில் சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் கண்டல், அதாவது அலையாத்தி மரக் கன்றுகளை நட்டார்கள். பெரும்பாலான இடங்களில் அவை பிழைக்கவில்லை. கண்டல் எந்தச் சேற்றிலும் வளர்ந்துவிடும் செடி அல்ல. அலை ஏறி இறங்க வேண்டும். ஏறிய நீர் தேங்கியே நின்றாலும் சாகும், நீரே வராவிட்டாலும் சாகும்.

பிச்சாவரத்தில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுத்தார்கள். நிழல் போனதும் வெயில் நேராகத் தரையில் இறங்கியது. ஈரம் வற்றி, மண் அமுங்கி, நடுப்பகுதி தாம்பாளம்போலக் குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வரும் கடல்நீர் திரும்பிப் போக வழியில்லை. அங்கேயே காய்ந்து உப்பாகிறது. அடுத்த முறை வரும் நீர் அதன்மேல் இன்னும் உப்பைச் சேர்க்கிறது. கண்டலே தாங்காத அளவுக்கு உப்பு. வெண்கண்டல் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் உப்புத் துகள் படிந்திருக்கும், விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். வேர் வழியாக ஏறும் உப்பை இலை வழியாக வெளியே தள்ளத் தெரிந்த மரம் அது. அதுவே அந்தக் குழியில் முளைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்குள்ள கிராம மக்களோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்தது, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போனது. கன்று நட்டது அதற்கப்புறம். அந்தக் கழிகளில், அதாவது காட்டுக்குள் ஓடும் உப்புநீர் ஓடைகளில், இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களும் இதில் பங்கெடுத்தன. வாய்க்கால் வெட்டியதோடு வேலை முடியாது. சேறு அடைக்கும், திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டும். அந்தக் காட்டை நம்பி வாழ்பவர்களுக்குத்தான் அதைச் செய்துகொண்டே இருக்கும் பொறுமை வரும்.

இப்போது கேமராவைத் திருப்புகிறேன், இந்த வாய்க்காலைப் பாருங்கள். இந்தக் குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. நொய்யலில் வெள்ளம் ஓடிய ஆண்டிலும் இங்கே நீர் வரவில்லை, வரும் வழி அடைபட்டிருந்தது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி, வாய்க்காலைத் தோண்டி, சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள். நீர் வந்த பிறகுதான் கரையில் மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டு அடர்வனம் போட்டார்கள். அந்தப் பச்சையைத் தேடி இன்று பட்டாம்பூச்சிகள் வருகின்றன. அந்த ஓரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். மண்ணுக்குள் பாலித்தீன் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கிறது, தெரிகிறதா? மண்வெட்டி போட்டால் மண் வெட்டுப்படாது, நார் நாராகக் கிழிந்து வரும். பாதி நேரம் கையால்தான் உருவ வேண்டும்.

நம் முன்னோர் நொய்யலில் அணைக்கட்டு கட்டி, வாய்க்கால் பிரித்து, ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரி வைத்திருந்தார்கள். சித்திரைச்சாவடி வாய்க்காலைப் பிடித்துப் போனால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று வரிசையாக வரும். இந்த வரிசையில் ஓரிடத்தில் குப்பை கொட்டினால் கீழே உள்ளவர்களுக்கு நீர் இல்லை. சாக்கடையை விட்டால் எல்லாருக்கும் பங்கு உண்டு. சில குளங்களில் நடைபாதையும் வண்ண விளக்கும் வந்திருக்கின்றன. மாலையில் நடக்க நன்றாகத்தான் இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழே இருப்பவர்களுக்கு நாம் என்ன அனுப்பினோம் என்பதற்கு ஒரத்துப்பாளையம் அணை சாட்சி. 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அணை அது. திருப்பூர்ச் சாயக்கழிவு அங்கே தேங்கி, அந்த நீரால் வயலும் கிணறும் கெட்டு, விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவைத் துளியும் வெளியே விடாத சாய ஆலைகள் மட்டுமே இயங்கலாம் என்ற நிலையில், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் மற்றவற்றை மூடச் சொன்னது. அதே திருப்பூரில்தான் நஞ்சராயன் குளமும் இருக்கிறது. பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்துக் குறித்து வைத்த குளம், 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

அடுத்ததாக, கோவைக்குள் ஓடும் சங்கனூர்ப் பள்ளம் என்ற ஓடையின் கரையோடு சிங்காநல்லூர் குளம் வரைக்கும் நடக்கலாம் என்றிருக்கிறேன். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் யாராவது கூட வாருங்கள். எந்தக் குழாய் எந்த இடத்தில் பள்ளத்தில் இறங்குகிறது என்பது வரைபடத்தில் இருக்காது, உங்களுக்குத்தான் தெரியும்.