நான் தேடல அண்ணே, அதுவா வருது

(தங்கச்சிமடத்தில் மீனவ இளைஞர்கள் கூட்டத்தில் பேசியது)

படகெல்லாம் கரையில் நிற்கும்போது கூட்டம் போட்டால்தான் ஆள் வரும் என்று என்னை அழைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுப் பையன்களுக்கு வேலை கிடையாது. கையில் போன் இருக்கிறது.

போன தடைக்காலத்தில் 19 வயதுத் தம்பி ஒருவன் தன் போனைக் காட்டினான். அப்பா இலங்கைச் சிறையில். படகு பிடிபட்ட வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான். அப்புறம் ஒரு நடுராத்திரி, ஏதோ சோகப் பாட்டு ரீல்ஸில் கட்டைவிரல் நின்றிருக்கிறது. பத்தே நாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து: 'என்னை யாருக்கும் வேண்டாம்'. இருபது தள்ளினால் பதினைந்து அதே ரகம். "நான் தேடல அண்ணே, அதுவா வருது" என்றான்.

உண்மைதான். எதைத் தேடினோம் என்பதோடு, எதில் எத்தனை விநாடி நின்றோம் என்றும் அந்த ஆப் கணக்கு வைக்கிறது. மனசு சரியில்லாதவன் வலிக்கிற இடத்தில்தானே நிற்பான்? நீவாடு, அதுதான் கடல் நீரோட்டம், இழுப்பது படகில் தூங்குகிறவனுக்குத் தெரியாது. விடிந்தால்தான் தெரியும்.

லண்டனில் 14 வயதுப் பெண் ஒருத்தி 2017-இல் உயிரை விட்டாள். கடைசி ஆறு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் அவள் சேமித்தது, விரும்பியது, பகிர்ந்தது எல்லாம் சேர்த்து 16,300 பதிவுகள். அதில் 2,100 மனச்சோர்வும் தற்கொலையும் பற்றியவை. அவள் சாவுக்கு அவையும் ஒரு காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். 2024-இல் இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டுப்பாடுகளோடு தனிக் கணக்கு வந்தது. சரி, நல்லது. நம் தம்பிக்கு 19. பிறந்தநாள் கேக்கோடு மனசும் கெட்டிப்பட்டுவிடுமா என்ன?

மனநோயை மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. காப்பகக் கொட்டகை எரிந்தபோது சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அங்கே கொண்டுவந்து விட்டது பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான். கெட்ட எண்ணம் இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை, ஊருக்குத் தெரியவும் கூடாது. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. அந்தத் தம்பி அம்மாவிடம் சொல்லாததை அவன் போன் தெரிந்து வைத்திருந்தது.

அன்றைக்குச் செய்தது சின்ன வேலைதான். வலைக்கட்டு மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக 'ஆர்வமில்லை' அழுத்தினோம், அரைமணி நேரம். அப்புறம் டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 14416. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். கால்மணிக்கு மேல் பேசினான். திரும்பி வந்து, "அண்ணே, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றான். தடைக்காலம், மீன் ஏது. பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.