போர் முடிந்த தேதி எது, அதிகாரம் முடிந்த தேதி எது?

(புதுக்கடையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: போர்க்காலத்தில் நாட்டுத் தலைவரைக் கேள்வி கேட்பது நாட்டுக்குப் பலவீனமா, பலமா? ‘பலமே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடித்து வந்து இந்நேரம் வரைக்கும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் புதுக்கடை, முன்சிறை, கிள்ளியூர் மக்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் அம்மா இரண்டு வாதங்களை வைத்தார்கள். புயலில் மாட்டிய வள்ளத்தில் சுக்கான் பிடிப்பவனோடு மல்லுக்கட்டக் கூடாது என்பது முதல் வாதம். போர் முடியட்டும், கணக்கை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்பது இரண்டாவது.

முதல் வாதத்துக்குத் தூத்தூர்க் கடற்கரையில் பதில் இருக்கிறது. வள்ளத்தின் பின்முனையான அமரத்தில் சுக்கான் பிடித்து நிற்பவனுக்கு, முன்னால் தண்ணீருக்குள் கிடக்கும் பார், அதாவது பாறை, கண்ணில் படாது. முன்முனையான அணியத்தில் நிற்பவன்தான் அதைப் பார்த்துக் கத்துவான். கத்தாமல் இருந்தால் அவனைத்தான் திட்டுவார்கள்.

இரண்டாவது வாதம் கேட்க நியாயமாக இருக்கிறது. அதனால்தான் ஆபத்தானது. அதற்கு நான் தேதிகளை வைத்தே பதில் சொல்கிறேன். போர் முடிந்த தேதியையும், போரைச் சொல்லி எடுத்துக்கொண்ட அதிகாரம் முடிந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

சீனப் போர் 1962 அக்டோபர் 20-ல் தொடங்கியது. நவம்பர் 21-ல் சீனா போர் நிறுத்தம் அறிவித்தது. ஒரு மாதம். அதற்காக அக்டோபர் 26-ல் பிறப்பித்த நெருக்கடி நிலை எப்போது விலக்கப்பட்டது தெரியுமா? 1968 ஜனவரி 10. ஐந்து வருடத்துக்கும் மேல். இடையில் 1965-ல் பாகிஸ்தானோடு போர் வந்ததே என்று எதிரணி கேட்கலாம். வந்தது. தாஷ்கண்ட் ஒப்பந்தம் 1966 ஜனவரி 10-ல் கையெழுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் சரியாக இரண்டு வருடம் அந்த அதிகாரம் நீடித்தது. சீனாவைக் காட்டிக் கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்பு விதிகள் 1965-ல் யார்மீது பாய்ந்தன? இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர்கள்மீது. மு. கருணாநிதியை அதே விதிகளின் கீழ்தான் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். பாளையங்கோட்டைக்குச் சீனப் படை வரவில்லை.

அடுத்தது 1971. டிசம்பர் 3-ல் தொடங்கிய வங்கதேசப் போர், 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததோடு முடிந்தது. இரண்டு வாரம். டிசம்பர் 3-ல் அறிவித்த நெருக்கடி நிலை 1977 மார்ச் 27 வரைக்கும் இருந்தது. நம்மில் பலர் 1975 ஜூன் 25-ஐத்தான் நெருக்கடி நிலை என்று நினைவு வைத்திருக்கிறோம். அன்று இரவு கையெழுத்தானது இரண்டாவது அறிவிப்பு. முதல் அறிவிப்பை யாரும் விலக்கவே இல்லை. அது மூன்றரை வருடமாகக் கிடப்பில் உயிரோடு இருந்தது. “முடியட்டும், அப்புறம் கேட்போம்” என்று இருந்ததற்கு நாடு கொடுத்த விலை அது.

சரி, போர் நடக்கும்போதே கேட்டால் என்ன ஆகும்?

பிரிட்டன் கேட்டது. 1940 மே 7, 8 தேதிகளில் நார்வே படையெடுப்பின் தோல்வி பற்றி நாடாளுமன்றத்தில் விவாதம். பிரதமர் சேம்பர்லேனின் அரசு 281-க்கு 200 என்று வாக்கெடுப்பில் வென்றது. ஆனால் 200-க்கும் மேல் இருந்த பெரும்பான்மை 81 ஆகச் சுருங்கியது. அவர் கட்சிக்காரர்கள் 30 பேருக்கு மேல் எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். 10-ம் தேதி விலகினார். ஹிட்லரின் படை மேற்கே பாய்ந்த அதே நாள்! எதிரணியின் கணக்குப்படி அன்றே பிரிட்டன் விழுந்திருக்க வேண்டும். வந்தவர் சர்ச்சில். அவரையும் விடவில்லை. 1942 ஜூனில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டன் கையிலிருந்த டோப்ரூக் துறைமுகம் வீழ்ந்ததும் ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம். 475-க்கு 25 என்று தோற்றது. சர்ச்சில் பலவீனமாகவா வெளியே வந்தார்?

நம் நாட்டிலும் கேட்டார்கள். 1962-ல் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, எதிர்க்கட்சிகள் வற்புறுத்தியதால் நேரு நவம்பர் 8-ல் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. வெளிப்படையாகவே விவாதம் நடந்தது. அதற்கு முந்தின நாளே, பருத்திச் சட்டையும் கித்தான் காலணியுமாக வீரர்களைப் பனிமலைக்கு அனுப்பியதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், போர் தொடங்கியபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன், அமைச்சரவையை விட்டுப் போயிருந்தார். அதில் நேருவுக்குப் பெருமைதான்.

ஆனால் போர் முடிந்தபின் நடந்ததைக் கவனியுங்கள். தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கை 1963-ல் அரசுக்குக் கொடுக்கப்பட்டது. இன்றுவரை எந்த அரசும் அதை வெளியிடவில்லை. காங்கிரஸ், ஜனதா, பா.ஜ.க. என எல்லோரும் அந்த அலமாரியைப் பூட்டியே வைத்தார்கள். கார்கிலோடு ஒப்பிடுங்கள். 1999 ஜூலை 26-ல் போர் முடிந்தது, 29-ல் ஆய்வுக் குழு. திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைவர். 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்ற மேசைக்கு வந்தது. சில பகுதிகளை மறைத்துத்தான் வெளியிட்டார்கள், ஆனாலும் வெளியிட்டார்கள். உளவு அமைப்புகள் தமக்குத் தெரிந்ததை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளவில்லை என்பதும் கண்காணிப்புக் கருவிகள் போதவில்லை என்பதும் ஊருக்குத் தெரிந்தன. 2002-ல் முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை வந்தது. எழுதி வெளியே வைத்த குறை சரியானது.

இப்போது நம் நெஞ்சில் இருக்கும் ஒரு போருக்கு வருகிறேன். வன்னி, 2009.

கோபத்தால் இதைச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களைக் கிளிநொச்சியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. பத்திரிகையாளர்களைப் போர்ப் பகுதிக்குள் விடவில்லை. பார்க்கும் கண் போனதும் எண்ணிக்கை அரசின் கைக்கு வந்தது. 2009 பிப்ரவரியில் உள்ளே இருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்றது அரசு. கடைசியில் முள்வேலி முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 2,90,000 பேர். இந்த எண்ணிக்கை வித்தியாசம் காகிதத்தோடு நிற்காது மக்களே. உள்ளே அனுப்பும் அரிசி, பருப்பு, மயக்க மருந்து, ரத்தப் பை எல்லாம் தலைக்கணக்கை வைத்துத்தான் ஏற்றப்படும். தலைகளைக் குறைத்தால் மூட்டைகள் குறையும். மயக்க மருந்தில்லாமல் காலை வெட்டியெடுத்தார்கள் என்று நாம் கேட்டுக் கலங்கியதற்குப் பின்னால், ஓர் அலுவலகத்தில் குறைத்து எழுதப்பட்ட எண் இருக்கிறது. அந்த எண்ணை நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்டு, பதில் வாங்கும் வலு அன்றைக்கு யாருக்கும் இல்லை.

ஐ.நா. பொதுச் செயலர் அமைத்த மூவர் குழு 2011-ல் அறிக்கை தந்தது. பொதுமக்கள் சாவு 40,000 வரைக்கும் இருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்றது. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள்ளும் மருத்துவமனைகள்மீதும் குண்டு விழுந்தது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்றது. புலிகள் மக்களைக் கேடயமாக்கினார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. அதையும் சேர்த்துத்தான் இந்த மேடையில் சொல்வேன். நம் பக்கம் என்று நினைப்பவர்களிடம் கேட்காத கேள்வியை எதிரியிடம் மட்டும் கேட்டால் யார் மதிப்பார்கள்? இலங்கைச் சட்டத்தில் 1979-ல் மூன்றே ஆண்டுக்கு என்று சொல்லி வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982-ல் நிரந்தரமாக்கப்பட்டது. போர் முடிந்தும் அது போகவில்லை. மறுபடியும் அதே இரண்டு தேதிகளின் கதை.

எதிரணித் தம்பி ஒருவர், “சட்டம் கையில் இருக்கும்போது கேள்வி எதற்கு? கோர்ட்டு பார்த்துக்கொள்ளாதா?” என்றார். 1976-ல் கோர்ட்டு என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரணை இல்லாமல் உள்ளே. பிடித்து வைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொன்னன. அரசு உச்ச நீதிமன்றம் போனது. விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா, அரசின் தலைமை வழக்கறிஞரிடம் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் பரிகாரம் உண்டா? நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்று பதில் வந்தது. ஏப்ரல் 28-ல் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். அடுத்த ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி இளையவருக்குப் போனது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தவறென்று சொல்லித் தள்ளியது 2017-ல். 41 வருடம் கழித்து!

ஆனால் 1977-ல் மக்கள் கேட்டார்கள், வாக்குச்சீட்டால். அதன் விளைவுதான் 1978-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 44-வது அரசியல் சட்டத் திருத்தம். அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு காயம் இருக்கிறது. 1975-ல் குடியரசுத் தலைவர் இரவில் கையெழுத்துப் போட்டார், அமைச்சரவை மறுநாள் காலை 6 மணிக்குத்தான் கூடி ஒப்புதல் தந்தது. ஆகவே இனி அமைச்சரவை எழுத்தில் தந்தால்தான் கையெழுத்து. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற வழவழப்பான காரணம் போய் ‘ஆயுதக் கிளர்ச்சி’ வந்தது. இரண்டு மாதத்துக்குள் இருந்த நாடாளுமன்ற ஒப்புதல் ஒரு மாதத்துக்குள் ஆனது, அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வாங்க வேண்டும். 1968 வரைக்கும் 1977 வரைக்கும் யாரும் கேட்காமல் இழுத்த கதைக்கு அங்கேதான் முடிச்சுப் போட்டார்கள். உயிர்வாழும் உரிமை தரும் 21-வது பிரிவை எந்தப் போரிலும் நிறுத்தி வைக்க முடியாது என்றார்கள். அன்று கன்னா கேட்ட கேள்விக்கான பதில் அது.

இன்னும் ஒரு வழி அதில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், நெருக்கடி நிலையை விலக்குவது பற்றிப் பேச 14 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும். 543-ல் பத்தில் ஒன்று என்றால் 55 கையெழுத்து. பிரதமர் விரும்பாவிட்டாலும் சபை கூடும். கேள்வி நாட்டைப் பலவீனமாக்கும் என்றால் அரசியல் சட்டமே ஏன் அதற்கு வாசல் வைத்திருக்கிறது, நடுவர் அவர்களே?

கோர்ட்டால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. விடாமல் கேட்பவர்களுக்குத்தான் அது திறக்கும். இன்றும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால், காரணத்தை வழக்கமாக 5 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். கலெக்டர் போட்ட உத்தரவுக்கு 12 நாளுக்குள் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். மூன்று வாரத்துக்குள், காவலில் வைக்கப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இத்தகைய உத்தரவுகளை உடைக்கப் போகும் வழக்கறிஞர் முதலில் பார்ப்பது பெரிய தத்துவத்தையா? இல்லை. கொடுத்த நகல் படிக்கும்படி இருக்கிறதா, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்புத் தந்தார்களா, அவர் அனுப்பிய முறையீடு எத்தனை நாள் மேசையில் கிடந்தது என்று தேதி தேதியாகப் பார்ப்பார். மங்கலான ஒரு ஜெராக்ஸ் தாள் போதும், உத்தரவு விழும். டெல்லியில் எடுக்கும் அதிகாரத்தைக் கேட்பதும் இதே வேலைதான்.

கடைசியாக, கேள்வி கேட்பவர்கள் எல்லாம் எதிர்க்கட்சிக்காரர்கள் என்று எதிரணி சொன்னதற்கு இந்த மண்ணிலேயே பதில் உண்டு. 1954 ஆகஸ்ட் 11. தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள்மீது இந்தப் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு. ஆண்டுதோறும் நாம் அஞ்சலி செலுத்தும் அதே நாள். அன்று இந்த ஊர் இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. சுட்டது அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சி அரசு. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது அலகாபாத் நைனி சிறையில் இருந்தார். சிறையிலிருந்தே தன் கட்சி முதலமைச்சருக்குத் தந்தி அடித்தார்: ராஜினாமா செய்யுங்கள், நீதி விசாரணை வையுங்கள். பட்டம் விலகவில்லை. கட்சி லோகியா பக்கம் நிற்கவும் இல்லை. அடுத்த ஆண்டு அவர் தனிக்கட்சி கண்டார். அவர் கட்சிக்கு நாட்டிலேயே இருந்த ஒரே அரசு அது. அதைப் பணயம் வைத்துக் கேட்டார், அவர் மொழி தெரியாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக.

மக்களே, இந்த மாவட்டத்துக்கு மக்களவையில் ஓர் இடம் இருக்கிறது. 44-வது திருத்தத்தில் இன்னும் நடைமுறைக்கு வராத ஒரு பிரிவும் இருக்கிறது. அறிவுரைக் கழகத்தைக் கேட்காமல் ஒருவரை உள்ளே வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கும் 3-வது பிரிவு. நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது, நடைமுறைப்படுத்தும் அறிவிக்கையை எந்த அரசும் வெளியிடவில்லை. அடுத்த முறை உங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த 3-வது பிரிவு என்ன ஆயிற்று என்று சபையில் கேட்பீர்களா? அப்படி ஒரு நாள் வந்தால், உங்கள் தலைவருக்கு எதிராக இருந்தாலும், 55-ல் ஒன்றாக உங்கள் கையெழுத்து இருக்குமா?