வெள்ளீயத்தில் ஒரு தளத்தை மட்டும் பற்றிக்கொண்ட மீகடத்தல்

நண்பர்களே, வெள்ளீயம் 3.72 கெல்வினுக்குக் குளிர்ந்தால் மீகடத்தியாகும், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் என்று படித்திருப்பீர்கள். 1980களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் ஹைக்கினும் க்ளூஸ்டிகோவும் அதற்கு ஏறக்குறைய 0.04 கெல்வின் மேலேயே மீகடத்தலைக் கண்டார்கள். படிகத்தின் இரு பாதிகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போலச் சந்திக்கும் இரட்டைத் தளத்தில்தான் அது இருந்தது. அங்கே அணுக்களின் அதிர்வு மாறுபடுவதால், மீகடத்தலுக்குத் தேவையான ஜோடிகளாக எலெக்ட்ரான்கள் எளிதில் இணைசேர்கின்றன என்பது வழக்கமான விளக்கம். தளத்தின் தடிமன் சில அணுக்கள்தான். அதில் பிறக்கும் மீகடத்தலோ இருபுறமும் மைக்ரோமீட்டர் அளவுக்குப் பரவும்.

இதை நீங்களே அளக்கப்போகிறீர்கள் என்றால், 0.04 கெல்வின் என்பது எவ்வளவு சிறியது தெரியுமா? மாதிரியைக் குளிர்விக்கும் திரவ ஹீலியத்தின் வெப்பநிலையை அதன் ஆவியழுத்தமே தீர்மானிக்கிறது; அந்த அழுத்தத்தில் அது சுமார் 20 டார்தான் (டார் என்பது அழுத்த அலகு). 3.72 கெல்வினுக்கு அழுத்தம் 455 டார் அளவில் நிற்க வேண்டும்; 1 டார் பிசகினால் 2 மில்லிகெல்வின் போய்விடும். திரவ மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே மாதிரி தொங்கினால், மேலிருக்கும் ஹீலியத்தின் எடையே அந்த 1 டாரைக் கூட்டிக் காட்டிவிடும். ஆகவே வெப்பமானியை மாதிரியோடு ஒட்டியே வையுங்கள். புவியின் காந்தப்புலமும் சும்மா இருக்காது: அதன் அரை எர்ஸ்டெட் (காந்தப்புல அலகு), வெள்ளீயம் மீகடத்தியாக மாறும் வெப்பநிலையை 3 மில்லிகெல்வின் கீழே இழுக்கும். எதிர்ப்புலம் தரும் கம்பிச்சுருள் வைத்தோ, காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் என்ற உலோகக்கலவையில் உறை போட்டோ அதை நீக்கியாக வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது கம்பி இணைப்பில். ஈயம் கலந்த சாதாரண சோல்டர் 7 கெல்வின் அருகிலேயே மீகடத்தியாகிவிடும். அதன் ஒரு துளி மாதிரிமேல் இருந்தால், நீங்கள் அளப்பது சோல்டரைத்தான், தளத்தையல்ல. கம்பியை ஒட்ட வெள்ளித்துகள் கலந்த பூச்சு போதும். மின்தடையை விட்டுக் காந்தத்திறனை மட்டும், அதாவது மீகடத்தியானதும் மாதிரி காந்தப்புலத்தை எவ்வளவு விலக்குகிறது என்பதை அளந்தால், மாதிரியில் கம்பியே வேண்டாம். மின்தடையை நான் பெரிதாக நம்புவதில்லை. நூலிழைபோல ஒரே ஒரு மீகடத்திப் பாதை இருந்தாலும் அது பூஜ்யம் காட்டிவிடும். உலோகம் முழுவதும் மாறியதா என்று சொல்லாது.

மாதிரியைப் பசையால் இறுக்கவும் கூடாது. குளிரும்போது பிடிப்பானும் படிகமும் வெவ்வேறு அளவில் சுருங்கும். வெள்ளீயம் மிக மென்மையானது, அந்த இழுவிசையிலேயே வளைந்து புது இரட்டைத் தளங்களை உண்டாக்கிக்கொள்ளும். அறுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. மின்தீப்பொறியால் உலோகத்தை அரிக்கும் தீப்பொறி வெட்டில் அறுத்து, சேதமான மேற்பரப்பை அமிலத்தில் கரைத்தெடுங்கள்.

கடைசிச் சோதனைதான் தீர்ப்பு. அதே படிகத்தின் இரு பக்கத்திலிருந்தும் தளமில்லாத துண்டு ஒவ்வொன்றை வெட்டி, அதே கருவியில் அளந்து பாருங்கள். 3.72க்கு மேல் அவை மௌனமாக இருந்து, தளம் உள்ள துண்டு மட்டும் காந்தத்தை விலக்கினால் நம்பலாம். மூன்றும் ஒன்றுபோல் விலக்கினால், படிகத்தை விட்டுவிட்டு வெப்பமானியைச் சரிபார்க்கத் தொடங்குங்கள்.