பந்தயத்தில் தோற்ற நாட்டுக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'சாமானிய மனிதன் வாழ்வதற்கு ஏற்றது கானாவா, ஐவரி கோஸ்ட்டா?' என்ற வழக்கில், மேற்கு ஆப்பிரிக்காவில் கோகோ விளைவிக்கும் இந்த இரண்டு அண்டை நாடுகளில் நான் கானாவின் பக்கம் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் 1957-ஆம் ஆண்டுப் பந்தயத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஐவரி கோஸ்ட்டின் பெருநகரமான அபிஜானுக்கு வந்த கானாவின் தலைவர் என்க்ருமாவிடம் ஐவரி கோஸ்ட்டின் தலைவர் ஊஃபுவே புவாஞி சவால் விட்டார்: பத்தாண்டு கழித்து யார் நாடு செழித்திருக்கிறது, பார்த்துவிடலாம் என்று. பத்தாண்டு முடியுமுன்பே, 1966-இல், என்க்ருமாவை ராணுவம் கவிழ்த்துவிட்டது. கோகோ விலை விழுந்து கானா கடனில் தத்தளித்தது. அபிஜானில் மாடிகள் உயர்ந்தன. பந்தயத்தில் வென்றவர்கள் அவர்கள்தாம். மறுக்கவில்லை. ஆனால் நண்பரே, கதையை அங்கேயே நிறுத்திவிட்டு இருக்கைக்கு ஓடிவிட்டீர்களே, பிறகு நடந்ததை யார் சொல்வது?

நான் சொல்கிறேன். புவாஞி 33 ஆண்டுகள் ஆண்டார். கோகோ விலை பாதாளத்தில் கிடந்த காலத்தில் தம் சொந்த ஊரான யாமுசுக்ரோவில் பிரம்மாண்டமான பேராலயம் ஒன்றைக் கட்டி, 1990-இல் போப்பாண்டவரை அழைத்துத் திறந்தார். 1993-இல் அவர் கண்மூடியதும் 'அசல் ஐவரிக்காரன் யார்?' என்று கிளப்பிவிட்டார்கள். கோகோ தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த அந்நாட்டின் வடக்கத்தியரும், பக்கத்து நாடான புர்க்கினா ஃபாசோவிலிருந்து வந்தவர்களும் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். 1999-இல் ராணுவப் புரட்சி. 2002-இல் நாடு வடக்கு தெற்காகப் பிளந்தது. 2010 தேர்தலில் அதிபராக இருந்த பாக்போ, அவரை எதிர்த்து நின்ற வாட்டாரா இருவருமே பதவியேற்றுக்கொள்ள, சுமார் 3,000 உயிர்கள் போயின. உயிருக்குப் பயந்தவர்கள் லைபீரியாவுக்கு ஓடினார்கள், கானாவுக்கும் ஓடிவந்தார்கள். வாழத் தகுந்த நாடு எது என்பதை அந்த மக்களின் கால்கள் சொல்லிவிட்டன, நடுவர் அவர்களே!

'ஐவரி கோஸ்ட்டில் யூரோவோடு மதிப்பைக் கட்டிய நாணயம், ஏறாத விலைவாசி' என்றார் எதிரணியின் அடுத்த நண்பர். உண்மைதான். 2022-இல் கானாவின் பணவீக்கம் 50 சதவீதத்தைத் தாண்டியது, அரசு வெளிக்கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தியது. அந்த அடி ஒவ்வொரு அடுப்படியிலும் விழுந்தது. தனிநபர் வருமானத்தில்கூட 2024-இல் ஐவரி கோஸ்ட் சற்று முந்தியிருந்தது. அப்படியிருந்தும் ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டில் கானா முன்னே நிற்கிறதே, எப்படி? படிப்பும் ஆயுளும் அங்கே கூடுதல். மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கானா 2003-லேயே கொண்டுவந்தது. அண்டை வீட்டார் 2014-இல்தான் சட்டம் இயற்றினார்கள். கானாவின் அரசுப் பள்ளிகளில் 2017 முதல் மேல்நிலைப் படிப்புக்கும் கட்டணம் இல்லை.

கானாவின் மின்வெட்டைக் கேலி செய்தார்கள். மின்வெட்டு வருவதற்கு முதலில் மின் இணைப்பு இருக்க வேண்டும் ஐயா! கானாவில் நூற்றுக்குச் சுமார் 85 பேருக்கு மின்சாரம் எட்டியிருக்கிறது. ஐவரி கோஸ்ட்டில் சுமார் 70 பேருக்கு. அபிஜான் பாலங்களின் விளக்குகளைப் புகழ்ந்து மயங்கிய எதிரணியினர் அந்த மீதி 30 பேரை எண்ண மறந்துவிட்டார்கள். (சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் கானாவின் ஆறுகளைக் கெடுப்பதை எதிரணி தொடவே இல்லை. நானாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்கியிருப்பேன்.)

விலைவாசி உயர்ந்ததே, கானாக்காரர் என்ன செய்தார்? 2024 டிசம்பரில் வரிசையில் நின்று ஆளுங்கட்சியை வீட்டுக்கு அனுப்பினார். அதிகாரபூர்வ முடிவு வருமுன்பே ஆளுங்கட்சி வேட்பாளர் பவுமியா தோல்வியை ஏற்று எதிர்க்கட்சி வேட்பாளர் மகாமாவை வாழ்த்தினார். 2001, 2009, 2017, 2025 என நான்கு முறை எதிர்க்கட்சியிடம் ஆட்சி அமைதியாகக் கைமாறியிருக்கிறது.

அதே 2025 அக்டோபரில் ஐவரி கோஸ்ட்டில் முக்கியப் போட்டியாளர்கள் களத்துக்கே வரவிடாமல் தடுக்கப்பட்டார்கள். 83 வயது அதிபர் வாட்டாரா கிட்டத்தட்ட 90 சதவீத வாக்குகளோடு நான்காம் முறை வென்றார். அபிஜானில் நாளை விலைவாசி ஏறினால், அங்குள்ள சாமானியன் யாரை, எப்படி வீட்டுக்கு அனுப்புவான்? எனக்குப் பின் பேச வரும் நண்பர் இதற்கு விடை சொல்லிவிட்டுப் பாலங்களைப் பற்றிப் பேசட்டும்.